நின்றபடி ஓடும் எஞ்சின்

பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுக்கும் வழியில் ஒரு கதவு இருக்கிறது. சின்ன டீ கிளாஸின் வாய் அளவுக்கு ஒரு வட்டத் தகடு. ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்றை எவ்வளவு உள்ளே விடுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. நாம் எண்ணெய் மிதியை அழுத்துவதாக நினைக்கிறோம். உண்மையில் இந்தக் கதவைத்தான் திறக்கிறோம். தகடும் அதைத் தாங்கும் அலுமினியக் குழாயும் சேர்ந்தது த்ராட்டில் பாடி.

வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். விளிம்பில் மயிரிழை இடைவெளி, பக்கத்தில் சிறிய துணைவழி, அவ்வளவுதான். உள்ளே காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடுவதால், அந்த இடுக்கில் காற்று ஒலியின் வேகத்தைத் தொடும். மூன்றாம் ஆண்டுத் தேர்வில் இது ஒரு கணக்காக வந்தது. சரியாகப் போட்டேன். கார் சும்மா நிற்கும்போதுதான் அதற்குள் காற்று அவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பது அன்றைக்கு விடைத்தாளில் ஓர் எண்ணாக மட்டும் இருந்தது.

அந்த இடுக்கில் கரி படிந்தால் நெடுஞ்சாலையில் எதுவும் தெரியாது. கதவு அகலத் திறந்திருக்கும்போது ஒரு மில்லிமீட்டர் அழுக்கு ஒரு பொருட்டில்லை. நிற்கும்போதுதான் மூச்சு முட்டும். ஊசி 700, 800 என்று நிற்க வேண்டிய இடத்தில் தள்ளாடும். ஏர்கோன் போட்டால் குலுங்கும். பிறகு அணைந்துவிடும்.

அப்பாவின் பழைய மைவி இப்படித்தான் வீட்டு வாசலிலேயே அணைந்துகொண்டிருந்தது.

அப்பா முப்பது வருடங்களுக்கு மேல் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். இனிப்புநீர் கண்ணுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. வலது கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. ஆனால் தினமும் காலை ஆறரைக்கு வாசலுக்குப் போய், கேட்டைத் திறக்காமல், காரை ஸ்டார்ட் செய்து பதினைந்து நிமிடம் ஓடவிடுவார். சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

இது லாரிப் பழக்கம். ஏர் பிரேக் வண்டியை எடுத்தவுடன் கிளப்ப முடியாது. டாங்கியில் காற்று நிரம்பி, அழுத்தமானியில் முள் ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். சின்ன வயதில் நான் எழுந்திருப்பதே அந்தச் சத்தத்தில்தான். மைவிக்கு அதெல்லாம் தேவையில்லை என்று அப்பாவுக்குத் தெரியாதா என்ன?

"ஸ்டார்ட் பண்றாரு, செத்துப் போவுது. திரும்ப ஸ்டார்ட் பண்றாரு, திரும்பச் செத்துப் போவுது. தாமானே பாக்குது," என்று அம்மா போனில் சொன்னார். அம்மாவுக்கு வண்டியை விற்க இது நல்ல சாக்கு. நான் பினாங்கில் வேலை செய்கிறேன். மாதத்தில் ஒருமுறைதான் கிள்ளானுக்கு வருவேன். "நான் வந்து பாக்குறேன், அதுவரைக்கும் வித்துடாதீங்க," என்றேன்.

சனிக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் த்ராட்டில் கிளீனர் கேட்டேன். கடைக்கார அங்கிள் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, "சுவாமி சூரோ பெலி கா?" என்றார். கணவன் வாங்கிவரச் சொன்னாரா என்று மலாயில் கேட்கிறார். எனக்கு ஒவ்வொரு முறையும் முருகன் வேல் சகிதமாக வந்து ஸ்பிரே கேட்பதுபோலத்தான் தோன்றும். இல்லை, எனக்குத்தான் என்றேன். கார்புரேட்டர் கிளீனர் இன்னும் மலிவு என்று அதையும் காட்டினார். வேண்டாம் என்றேன். சில வண்டிகளில் குழாயின் உட்சுவரில் மெல்லிய பூச்சு இருக்கும், காட்டமான மருந்து அதைத் தின்றுவிடும்.

வேலை பெரிதல்ல. எஞ்சின் ஆறியபிறகு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினேன். காற்றுக் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி உருவினால் தகடு கண்முன்னே நிற்கும். இந்த வண்டியில் கேபிள் இருப்பதால் கையாலேயே திறந்து பார்க்கலாம். மோட்டார் வைத்த புது வண்டி என்றால் தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் சின்னது. முன்பக்கம் லேசான பழுப்புதான். திறந்தால் பின்பக்கம் மை.

அப்பா டார்ச் பிடித்தார். வெளிச்சம் நான் பார்க்க வேண்டிய இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி விழுந்தது. நான் தலையைச் சாய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

குழாய்க்குள் நேராகப் பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடைப்பதுதான் நல்லது. பழைய குட் மார்னிங் துண்டைக் கிழித்து வைத்திருந்தேன். விளிம்புக்கு டூத் பிரஷ். துணைவழியின் வாயில் கரி ஜாம் மாதிரி அடைத்திருந்தது. மூன்று துண்டுத் துணி கறுத்தது.

"கார்புரேட்டர் வண்டியில இப்படி ஆவாது," என்றார் அப்பா. அவருடைய முதல் கார் பழைய சாகா.

அவர் சொன்னது சரி. கார்புரேட்டரில் பெட்ரோல் காற்றோடு கலந்து இந்தத் தகட்டைத் தாண்டித்தான் போகும். போகிற போக்கில் கழுவிவிடும். மைவி மாதிரி வண்டிகளில் பெட்ரோல் தகட்டுக்கு அப்பால், வால்வுக்குப் பக்கத்தில் பீய்ச்சப்படுகிறது. தகட்டைத் தொடுவது வெறும் காற்றும், எஞ்சின் அடிவயிற்றிலிருந்து குழாய் வழியாகத் திரும்பி வரும் எண்ணெய் ஆவியும்தான்.

"ஏன்மா இவ்ளோ கறுப்பு? ஏர் ஃபில்டர் போன வருசந்தான மாத்துனேன்?"

"இது வெளிய இருந்து வர்ற தூசி இல்லப்பா. உள்ள இருந்து வர்றது."

"எதனால?"

இந்தக் கேள்வி வரும் என்று தகட்டைத் திறந்தபோதே தெரியும். வயசான வண்டி என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்யில்லை. ஆனால் இந்த மனிதர் ஆயுள் முழுக்க எஞ்சின் சத்தத்தைக் கேட்டுச் சோறு தின்றவர். கண் போனதற்காக அவரிடம் எஞ்சினைப் பற்றி மழுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"வண்டி ஓடலப்பா. நல்லா சூடேறி ரோட்டுல ஓடுனாத்தான் இந்த ஆவியெல்லாம் ஒழுங்கா வெளியேறும். நின்னுகிட்டே கொஞ்ச நேரம் ஓடி அணைஞ்சா, திரும்பத் திரும்ப இங்கயே வந்து படியும்."

"பதினஞ்சு நிமிசம் பத்தாதா?"

"பத்தாதுப்பா."

டார்ச்சை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "லாரிக்குப் பத்தும்," என்றார்.

எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் செய்தேன். முதல் இரண்டு தடவை பிடிக்கவில்லை. மூன்றாவதில் வெள்ளைப் புகையோடு பிடித்தது. உள்ளே தங்கிய மருந்து எரிகிறது, பயப்பட வேண்டியதில்லை. ஊசி 1,500ஐத் தாண்டி நின்றது. அடைப்புக்கு ஈடாகத் துணைவழியை மேலும் மேலும் திறந்துவைத்துப் பழகிய வண்டி. அடைப்பு போனது அதற்கு இன்னும் தெரியாது. கொஞ்சம் ஓட்டினால் கற்றுக்கொள்ளும்.

"ஏறுங்கப்பா, ஒரு சுத்துப் போய்ட்டு வருவோம்."

பந்திங் சாலையில் போனோம். சிவப்பு விளக்கில் நிறுத்தி ஏர்கோனை முழுதாகத் திருப்பினேன். ஊசி இறங்கியது, நின்றது, ஏறிக்கொண்டது. அப்பா அதைப் பார்க்கவில்லை, காதைக் கொடுத்திருந்தார். "செட்டாயிருச்சு," என்றார். பிறகு கண்ணாடியை இறக்கினார். "பின்னால நிக்கிறவனுக்கு ஏர் லீக் ஆவுது. கேக்குதா?" எனக்குக் கேட்கவில்லை. விளக்கு பச்சையானதும் அந்த லாரி எங்களைத் தாண்டிப் போனது. அது போகும்வரை அப்பா அந்தப் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

மைவியை நான் பினாங்குக்கு எடுத்துப் போனால் பிரச்சினை தீரும். தினமும் ஓடும், கரி படியாது, விற்கவும் வேண்டாம். அம்மாவும் அதைத்தான் சொல்கிறார். நான் அப்பாவிடம் கேட்கவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அப்பா காலையில் எஞ்சினை ஓட்டுவதில்லையாம். ஆறரைக்குப் போய்ச் சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் பாதி திருப்பி, மின்னல் எஃப்எம் போட்டுக் கேட்கிறாராம். ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். எஞ்சின் ஓடாமல் ரேடியோ மட்டும் பாடினால் பேட்டரி இறங்கிவிடும். வீட்டு பிளக்கில் சொருகுகிற மாதிரி ஒரு சார்ஜர் ஆர்டர் செய்திருக்கிறேன்.