கிழங்குப் பாலும் பசும்பாலும்

ஆத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியராக இருந்த காலம். ஏழாம் வகுப்பில் கலவைகள் பாடம். எந்தப் பகுதியை எடுத்தாலும் ஒரே மாதிரி இருந்தால் ஒருபடித்தான கலவை. இடத்துக்கு இடம் மாறினால் பலபடித்தான கலவை. உப்புக் கரைசல் முதல் வகை, மணலும் இரும்புத்தூளும் கலந்தது இரண்டாம் வகை. அதுவரை சரியாகத்தான் சொன்னேன். அதே வேகத்தில் பாலையும் ஒருபடித்தான பட்டியலில் கரும்பலகையில் எழுதிவிட்டேன். பார்த்தால் ஒரே வெள்ளைதானே!

ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பாவுக்குச் சேகோ ஆலையில் வேலை.

"கிழங்குப் பாலும் ஒரே வெள்ளையாத்தானுங்க சார் இருக்குது. ராத்திரி தொட்டியில விட்டு வெச்சா, காலையில மாவு அடியில படிஞ்சு தண்ணி மேல நிக்குதுங்க. அப்போ அது எதுலீங்க சார் சேரும்?"

"பாடத்துல இருக்கிறதை மட்டும் கேளு" என்று உட்கார வைத்துவிட்டேன். அடுத்து வந்த தேர்வில் அவன் பாலைப் பலபடித்தானது என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு வேலையாக அந்த ஆலைப் பக்கம் போனேன். மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, திப்பியைச் சலித்து நீக்கிவிட்டுப் பாலைத் தொட்டிகளில் விட்டிருந்தார்கள். முதல்நாள் விட்ட தொட்டியில் தண்ணீரை வடித்திருந்தார்கள். அடியில் மாவு கட்டியாக, மண்வெட்டியால் வெட்டி எடுக்கும்படி இருந்தது. ஸ்டார்ச் குளிர்ந்த நீரில் கரையாது, மிதந்துகொண்டிருந்துவிட்டுப் படிந்துவிடும். பசும்பாலிலும் அதே கதைதான். அதில் கொழுப்பு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள துளிகளாக மிதக்கிறது. அது அடியில் படியாமல் மேலே ஏறும். தினமும் காப்பிக்கு முன் ஏட்டை ஒதுக்கிய எனக்கு இது தோன்றவில்லையே!

மறுநாள் வகுப்பில் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் உப்பு, மற்றொன்றில் சில சொட்டுப் பால். ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் அடித்தேன். உப்புத் தண்ணீரில் ஒளி போன தடமே தெரியவில்லை. பால் கலந்த தண்ணீரில் கோடு போட்டது போலத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜான் டிண்டால் ஆராய்ந்த விளைவு இது. "பால் பலபடித்தானதுதான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லி, அவனுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டேன்.

அவன் விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டான். ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை என் வகுப்பில் அவன் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு ஓய்வுபெறும் வரை, கேள்வி கேட்டு எழுந்த எந்தப் பிள்ளையையும் பதில் சொல்லாமல் நான் உட்கார வைத்ததில்லை.

இப்போது கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறேன். மார்கழியில் ஏற்காடு போனால் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பனிக்குள் வண்டி விளக்கின் ஒளி நீளமாகத் தெரியும். காற்றும் நீர்த்துளியும் சேர்ந்த பலபடித்தான கலவை அது. பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையன் ஞாபகம்தான் வருகிறது.