எலும்புக்கூடு தரும் சீர்வரிசை

மகளைத் தனிக்குடித்தனம் வைக்கப் போகும் அம்மாக்கள் வெறுங்கையோடு போவதில்லை. உப்பு, மஞ்சள், புளி, அஞ்சறைப் பெட்டி என்று முதல்நாள் அடுப்பு பற்றவைக்கத் தேவையானதையெல்லாம் எடுத்துப்போவார்கள்.

லினக்ஸ் கம்ப்யூட்டருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. புதிதாக ஒருவருக்குக் கணக்கு தொடங்கினால், 'ஹோம்' என்ற இடத்தில் அவர் பெயரில் ஒரு வீடு உருவாகும். 'இடிசி'க்குள் இருக்கும் 'ஸ்கெல்' என்ற ஃபோல்டரிலிருந்து சில ஃபைல்கள் அந்த வீட்டுக்கு நகலாகப் போய்ச் சேரும். ஸ்கெல் என்பது ஸ்கெலிட்டனின், அதாவது எலும்புக்கூட்டின் சுருக்கம்! அந்த ஃபைல்களில் முக்கியமானது 'பாஷ்ஆர்சி'. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் இதைப் படித்துத்தான் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்துகொள்ளும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது.

நகல் போய்ச் சேர்ந்தபின் அது உங்கள் சொத்து. ஸ்கெல்லில் பிறகு எதை மாற்றினாலும், ஏற்கெனவே குடியிருப்பவர்களைப் பாதிக்காது. அதேபோல, உங்கள் நகலை நீங்கள் கெடுத்துக்கொண்டாலும் ஸ்கெல்லில் உள்ள மூலம் பத்திரமாக இருக்கும்.

நான் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வந்து, மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பவள். சில வருடங்களுக்கு முன் பரங்கிப்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவாள். கையில் அண்ணனுக்குக் கிடைத்த அரசு லேப்டாப். 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். டெபியனை அடிப்படையாக வைத்து நம் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது.

ஒருநாள் முகம் வெளிறிப்போய் வந்தாள். "மிஸ், எதை அடிச்சாலும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'னு வருது. கெட்டுப்போச்சா? அண்ணனுக்குத் தெரிஞ்சா இனிமே தொடவே விடமாட்டான்."

பாஷ்ஆர்சியில் ஏதோ சேர்க்கப் போய், கமாண்டுகளை எங்கே தேடுவது என்று சொல்லும் 'பாத்' வரியைத் தவறாக எழுதிவிட்டிருந்தாள். நகலெடுக்கும் 'சிபி' கமாண்டும் அதனால் வேலை செய்யவில்லை. அது இருக்கும் 'பின்' ஃபோல்டரோடு சேர்த்து முழு முகவரியாக அடிக்கச் சொன்னேன். முதலில் கெட்ட ஃபைலை வேறு பெயரில் எடுத்துவைத்தோம். பிறகு ஸ்கெல்லில் இருந்த மூலத்தை அவள் வீட்டுக்கு நகலெடுத்தோம். டெர்மினலை மூடித் திறந்ததும் எல்லாம் பழையபடி!

"அவ்வளவுதானா மிஸ்?" என்று சிரித்தாள்.

நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் ஒரு பொருளைத் தொடுமுன்பே, "கெடுத்துடாதே" என்ற குரல்தான் முதலில் வரும். கெட்டாலும் சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது ஒருமுறை காட்டினால் போதும், பாதி பயம் போய்விடும்.

அடுத்த வாரம் அவள் டெர்மினலைத் திறந்தபோது, அவள் பெயரைச் சொல்லித் தமிழில் 'வணக்கம்' வந்தது.

"மாத்துறதுக்கு முன்னாடி நகல் எடுத்து வச்சிட்டேன் மிஸ்" என்றாள்.