யாருடைய துணி?

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. ஆடை மனிதனுடைய பாதி எனின், அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. மானம் காக்கத் தோன்றிய துணி, நாடுகளின் வரலாற்றையும் தன் இழைகளுக்குள் பொதிந்து வைத்திருக்கிறது. அவ்வரலாற்றை வண்ணத்தாலும் துணியாலுமே எடுத்துக் காட்டும் ஒரு கலைஞரைப் பற்றி இங்குச் சிறிது எழுத விழைகிறேன். தமிழாசிரியனுக்குத் தற்காலக் கலையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இழையையும் ஏட்டையும் ‘நூல்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம் மொழி. ஆதலின், துணியைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டு.

சட்டத்துக்குள் அடங்கிச் சுவரில் தொங்குவது ஓவியம். நிறுவற்கலையோ ஓர் இடத்தையே தனதாக்கிக்கொள்வது. காண்போர் அதனைச் சுற்றி வருவர். சில வேளைகளில் அதனுள்ளேயே நடப்பர். பெயர் புதியதாயினும் பட்டறிவு நமக்குப் புதியதன்று. தேரின் நாற்புறமும் வண்ணத் தொம்பைகள் காற்றில் அசைய, அதன் நிழலில் நின்று அண்ணாந்து பார்த்த சிறுவனுக்குத் துணியும் நிறமும் சேர்ந்து ஓர் உலகத்தையே எழுப்ப வல்லவை என்பது தெரியும்.

யிங்கா ஷோனிபாரே 1962ஆம் ஆண்டில் லண்டனில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். லாகோஸ் நகரில் வளர்ந்தவர். பின்னர் மீண்டும் லண்டனுக்கு வந்து கலை பயின்றவர். மாணவராயிருந்தபோது, சோவியத் நாட்டில் அக்காலத்தில் எழுந்த சீர்திருத்தங்களைப் பொருளாகக் கொண்டு படைத்துக்கொண்டிருந்தார். அதனைக் கண்ட அவருடைய ஆசிரியர் ஒருவர், “நீ ஏன் உண்மையான ஆப்பிரிக்கக் கலையைப் படைக்கவில்லை?” என்னும் கருத்துப்படக் கேட்டாராம். அக்கேள்வி அவரைச் சிந்திக்க வைத்தது. உண்மையான ஆப்பிரிக்கம் என்பது யாது? அதனைத் தேடி அவர் சென்ற இடம் ஆப்பிரிக்கக் காடன்று. லண்டனின் பிரிக்ஸ்டன் சந்தை. ஆப்பிரிக்க மக்கள் விரும்பி உடுத்தும், கண்ணைப் பறிக்கும் வண்ணத் துணிகள் அங்கே விற்கப்பட்டன. அத்துணிகளின் பிறப்பை விசாரித்தபோதுதான் வியப்புக் காத்திருந்தது.

அத்துணிகளின் மூலம் நமக்கு அண்மையிலுள்ள சாவகத் தீவின் பாத்தேக். உருக்கிய மெழுகால் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, மெழுகு படிந்த இடத்தில் நிறம் ஏறாதவாறு காக்கும் கைத்தொழில் அது. 19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் அதனை ஆலையில் அச்சிட்டு, சாவகத்திலேயே மலிவாக விற்க முயன்றனர். எந்திரத் துணியில் பிசின் வெடித்து மெல்லிய கோடுகள் விழுந்தன. சாவக மக்கள் கண்ணுக்கு அது குறையாகப்பட்டது. அதே துணி மேற்கு ஆப்பிரிக்கக் கரையை அடைந்தபோது, அங்குள்ளோர் அந்தக் கோடுகளை அழகெனக் கொண்டனர். தம் விருப்பத்துக்கேற்பப் புதுக் கோலங்களைக் கேட்டுப் பெற்றனர். துணிகளுக்குத் தாமே பெயரும் சூட்டினர். இவ்வாறு சாவகத்தில் கருவாகி, ஐரோப்பிய ஆலையில் உருவாகி, ஆப்பிரிக்கத் தோளில் ஏறிய துணியையே உலகம் ‘ஆப்பிரிக்கத் துணி’ என்று அழைத்தது.

ஷோனிபாரே இத்துணியையே தம் கலையின் மொழியாக்கினார். 2003ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்றில், தலையற்ற பதினான்கு உருவங்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன. மேசைமேல் ஆப்பிரிக்காவின் வரைபடம். 1884-85இல் பெர்லினில் கூடி ஆப்பிரிக்காவைக் கூறுபோட்ட வல்லரசுகளை அது குறிக்கிறது. அவர்கள் அணிந்திருக்கும் ஐரோப்பியப் பாணி உடைகள் அனைத்தும் அந்த வண்ணத் துணியால் தைக்கப்பட்டவை. 2010இல் லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் பெரும் புட்டி ஒன்றினுள் நெல்சனின் கப்பலை நிறுவினார். அதன் முப்பத்தேழு பாய்களும் அத்துணியின் கோலங்களை ஏந்தின. கடலாதிக்கத்தின் வெற்றிச் சின்னம், அந்த ஆதிக்கத்தால் நிகழ்ந்த கலப்பின் நிறங்களைப் பூண்டு நின்றது. 2014இல் அவர் அமைத்த நூலகத்தில் 6,328 புத்தகங்கள் அத்துணியால் அட்டையிடப்பட்டன. அவற்றுள் பலவற்றின் முதுகில், பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தோர், அவர்தம் மக்கள் ஆகியோரின் பெயர்கள் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றை நான் படங்களிலேயே கண்டிருக்கிறேன். எனினும், இழையாகிய நூல் ஏடாகிய நூலைப் போர்த்தி நிற்கும் அக்காட்சியைக் கண்டபோது என் நெஞ்சம் நெகிழ்ந்தது. குடிபெயர்ந்தோர் வழியில் வந்தவன் அல்லனோ நானும்!

அந்த ஆசிரியரின் கேள்வி கடல்கடந்த ஏதோ ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், பல பள்ளிகள் கலந்துகொண்ட ஓவியப் போட்டிக்கு எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியை அழைத்துச் சென்றிருந்தேன். அவள் ‘வாவ்’ பட்டம் ஒன்றை அழகுற வரைந்திருந்தாள். பார்வையிட வந்த நடுவர் ஒருவர் கனிவாகவே, “கோலம், மயில் என்று உங்கள் இனத்துக்குரியதை வரைந்திருக்கலாமே, அம்மா!” என்றார். பிள்ளை வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில் என்னிடம், “ஐயா, பக்கத்து வீட்டுத் தோக் கிளந்தானிலிருந்து வந்தவர். அவர்தான் எனக்குப் பட்டம் கட்டக் கற்றுக்கொடுத்தார். அது என்னுடையது இல்லையா?” என்று கேட்டாள். ‘உன்னுடையதுதான்’ என்றேன். ஆயினும் அவள் கேள்வி அதனோடு முடிந்துவிடவில்லை.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் எனக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் மொழியையும் பண்பையும் காக்கவே நம் பள்ளிகள் உள்ளன. அவ்வாறிருக்க, எல்லாம் கலந்தவையே என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? சொன்னால் நமக்கென்று எஞ்சுவது யாது?

விடையையும் துணியிடமே கேட்டேன். நம் நாட்டில் மலாய்ப் பெரியவர்கள் அன்றாடம் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டின் பெயரே அச்சொல்லில் ஒலிக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் கோட்டை கட்டியவர்களும் அதே டச்சுக்காரர்களே. அக்கரையின் நெசவாளர் சாயவேரின் சிவப்பையும் அவுரியின் நீலத்தையும் நன்கு ஆண்டவர்கள். அவர்கள் நெய்ததும் தோய்த்ததும் தரமாக இருந்தமையால்தான், அக்கரைத் துணிகள் கடல் கடந்து வந்து, மணப்பொருள்களுக்கு மாற்றாக இத்தீவுகளில் ஏற்கப்பட்டன. கையில் தொழில் இல்லாதவன் துணி கடல் கடப்பதில்லை. தனக்கென ஒன்றை ஆழக் கற்றவனே பிறர்க்கு வழங்குகிறான். பிறரிடமிருந்து பெறவும் அஞ்சாதிருக்கிறான்.

எனவே தமிழை ஆழக் கற்பிப்பதும் வாவ் பட்டத்தை வரைய விடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கோலம் போடத் தெரிந்த கை பட்டமும் கட்டட்டும். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: கலைக்கல்வி வகுப்பில் ஒருநாள் பிள்ளைகளை வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழந்துணி கொண்டுவரச் சொல்லுங்கள். பாட்டியின் சேலைத் துண்டாயினும் தந்தையின் பாத்தேக் சட்டையாயினும் சரியே. அதன் நிறம் எது, யார் நெய்தார், எவ்வழியாக வந்தது என்று வீட்டாரைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். பின்னர் அத்துணிகளையெல்லாம் வகுப்பறையின் குறுக்கே கயிற்றில் தொங்கவிடுங்கள். அதுவே அவர்களுடைய நிறுவற்கலை.

வினாவைக் கேட்பதற்கு முன்னரே விடையைப் பிள்ளையின் தோளில் போர்த்திவிடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. ‘நீ யார்?’ என்று கேட்டபின், சற்றுநேரம் வாளா இருப்பதும் ஆசிரியத் தொழிலின் ஒரு பகுதியே.