சல்லிசா ஒரு சக்கரம்

மூணாவது தடவையும் பேளுக்குறிச்சி தாண்டித்தான் கம்பி உடைஞ்சது. அந்த ஊர் சந்தையில சீரகம், மல்லி வாங்க எங்கெங்கிருந்தோ சனங்க வர்றாங்க. எனக்கு மட்டும் அங்க 'டிங்'குன்னு ஒரு சத்தம்தான் கிடைக்குது. பின்வீல் அப்படியே பாம்பு மாதிரி நெளிஞ்சு பிரேக் கட்டையில உரச ஆரம்பிச்சுது. பிரேக்கைக் கழட்டி விட்டுட்டு ராசிபுரம் வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தேன்.

2020 ஊரடங்குல எல்லாரும் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கினாங்களே, அந்த ஜோதியில நானும் ஐக்கியமாகி வாங்கின கியர் சைக்கிள் இது. ஞாயித்துக்கிழமை காலையில கொல்லிமலை அடிவாரம் காரவள்ளி வரைக்கும் போவேன். மேல ஏறுவியான்னு கேக்கப்படாது. அங்க 70 கொண்டை ஊசி வளைவு. நமக்கு அடிவாரத்து டீக்கடை போதும் :-)

என் சவாரி மட்டும்னா விட்டுத் தொலைச்சிருப்பேன். இந்த ஜூன்ல இருந்து பாப்பா அதுலதான் ஸ்கூலுக்குப் போறா. ஒன்பதாவது. போக 8 கிலோமீட்டர், வர 8 கிலோமீட்டர், அதுல பாதி லாரி போற ரோடு. அவ போறப்ப அந்த 'டிங்' கேட்டா?

ஒத்தைக் கம்பியா மாத்தி மாத்தி அலுத்துப் போச்சு, முழு சக்கரமாவே மாத்திடலாம்னு சேலம் போனேன். கடைக்காரர் மூணு தினுசு எடுத்து வெச்சார். 850க்கு ஒண்ணு, 1,100க்கு ஒண்ணு, பேர் போன கம்பெனி சக்கரம் 4,200. தங்கமணிக்குப் போன் போட்டேன். "சைக்கிளே ஏழாயிரம், சக்கரம் நாலாயிரமா? இன்னும் ரெண்டு வருசம் ஓட்டினா பதினொண்ணாவதுல கவர்மெண்டே சைக்கிள் குடுத்துரும்"னு வெச்சுட்டாங்க. சரிதானே. சரிதான்.

கடைப்பையன் 1,100 ரூபா சக்கரத்தைக் கையில புடிச்சு ஒரு சுத்து சுத்தினான். "பாருங்க சார், ஆடுதா?" ஆடவே இல்ல. கோடு போட்ட மாதிரி ஓடுச்சு. அங்கதான் எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுது.

எங்கப்பா பால்காரர். 28 இஞ்ச் ஹெர்குலிஸ், கேரியர்ல ரெண்டு பக்கமும் கேன். அந்தக் காலத்து சைக்கிளுக்கு முன்னாடி 32 கம்பி, பின்னாடி 40 கம்பி. வெள்ளைக்காரன் கணக்கு, சுமை பின்னாடி விழும்னு. காலையில கேன் கட்டறதுக்கு முன்னாடி அப்பா ஒவ்வொரு கம்பியா விரலால சுண்டிக்கிட்டே வருவார். நான் திண்ணையில உக்காந்து வேடிக்கை பாப்பேன். ஒண்ணு மட்டும் 'டொக்'குன்னா அன்னைக்கு மொதல்ல மெக்கானிக் கடை, அப்புறந்தான் சொசைட்டி.

கடையில நானும் சுண்டினேன். ஒரு கம்பி 'டிங்', பக்கத்துல 'டொங்', அடுத்தது சத்தமே இல்ல. கடைப்பையன் என்னை ஒரு மாதிரியா பாத்தான். ஆனா விசயம் இதுதான் மக்களே. சக்கரம் நேரா ஓடுறது வேற, கம்பியெல்லாம் ஒரே இழுப்புல இருக்கறது வேற. ஒரு கம்பியை ஏகத்துக்கு முறுக்கி, அடுத்ததைத் தளர விட்டும் நேரா நிறுத்திடலாம். ஷோரூம்ல நேரா நிக்கும், ரோட்ல நிக்காது.

ஏன்னா கம்பி முறுக்கா இருக்கறதால உடையறதில்ல, தளர்ந்து இருக்கறதாலதான் உடையுது. நம்ம எடையைத் தாங்கறது தரைப்பக்கம் இருக்கற கம்பிங்க. சக்கரம் ஒரு சுத்து சுத்தும்போது ஒவ்வொரு கம்பியும் ஒரு தடவை கீழ வந்து கொஞ்சம் தளர்ந்து, மறுபடி இழுபடுது. ஏற்கெனவே தொளதொளன்னு இருந்தா, ஹப்புல மாட்டற வளைவு ஒவ்வொரு சுத்துக்கும் அசையும். ஜாப்ஸ்ட் பிராண்ட்னு ஒரு இன்ஜினியர் 1981ல சைக்கிள் சக்கரத்துக்குன்னே ஒரு புத்தகம் போட்டு இதை விளக்கியிருக்கார். எங்கப்பாவுக்கு அவரையும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாத்தேன். 26 இஞ்ச் சக்கரம் ஒரு சுத்துக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர் போகும். பாப்பா ஸ்கூலுக்குப் போய் வர்றதுக்குள்ள ஏழாயிரத்துச் சொச்சம் சுத்து. சாவிக்கொத்துல இருக்கற கம்பி வளையத்தை அப்படியும் இப்படியும் வளைச்சா முறியுதில்ல, அதேதான். பின்வீல்ல இன்னொரு கூத்து, கியர் பக்கத்துக்கு இடம் விடறதுக்காக ரிம்மை ஒரு பக்கமா இழுத்துக் கட்டியிருப்பாங்க. அதனால இடது பக்கக் கம்பி எப்பவுமே கொஞ்சம் தளர்வுதான்.

கம்பியில காந்தம் வெச்சும் பாத்தேன். சேலத்துக்காரன் பாத்திரக்கடையில பண்ற வேலை, ஸ்டீல் பிளாண்ட் இருக்கற ஊராச்சே. பச்சக்குன்னு ஒட்டுச்சு. அப்ப ஸ்டெயின்லெஸ் இல்ல, முலாம் பூசின கம்பி. (ஸ்டெயின்லெஸ் கம்பியும் இழுத்துச் செய்யறதால லேசா ஒட்டும், அதுக்காகக் கடைக்காரரோட சண்டைக்குப் போயிடாதீங்க.) முலாம் கம்பி உடனே உடைஞ்சிடாது. துருப்பிடிச்சு நிப்பிள் இறுகிப்போனா அப்புறம் கோட்டம் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

1,100 ரூபா சக்கரத்தையே வாங்கினேன். நேரா நம்ம மெக்கானிக் அண்ணன் கடைக்குத்தான் போனேன். அறுபது வயசு தாண்டின ஆளு. சக்கரத்தை வாங்கி ரிம்மைப் பாக்கவே இல்ல. அச்சை ரெண்டு விரல்ல புடிச்சு உருட்டினார். "நறநறங்குது தம்பி. கிரீஸே காட்டல போலருக்கு." கோனைக் கழட்டினா, பால்ரஸ் எல்லாம் சஷ்டி விரதம் இருந்த மாதிரி வறண்டு கெடக்கு! கழுவி, கிரீஸ் வெச்சு, கோனை அளவா இறுக்கினார். அப்புறம் எல்லாக் கம்பியையும் தளர்த்தி விட்டுட்டு மொதல்ல இருந்து ஏத்தினார். நடுவுல நடுவுல ரெண்டு ரெண்டு கம்பியா சேத்துப் புடிச்சு, கை வெளுக்கற அளவுக்கு அமுக்கினார். கம்பி அதது எடத்துல உக்காரணுமாம். ஒண்ணரை மணி நேரம். 200 ரூபா கேட்டார். பேரம் பேச வாய் வரல. "பதினஞ்சு நாள் ஓட்டிட்டுக் கொண்டாங்க, ஒருக்கா பாத்துரலாம்"னார். அதுக்குக் காசு வாங்கல.

ஆக 1,300. நாலு மாசம் ஆச்சு, 1,400 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஒரு கம்பி போகல. மழை சீசன்ல மறுபடி நறநறன்னுச்சு, பிரிச்சா ஒரு கோன் சொரசொரப்பாயிருந்தது, 40 ரூபாயில மாத்தியாச்சு. மலிவு ஹப்புல சீல் சரியா இருக்காது, தண்ணி போகத்தான் செய்யும். நாலாயிரம் ரூபா சக்கரத்துல இந்தத் தொல்லை கம்மி. ஆனா அதையும் கம்பி சுண்டிப் பாக்காம வாங்கமாட்டேன். பக்கத்துல நல்ல மெக்கானிக் இல்லேன்னா 1,100 ரூபா சக்கரம் 1,100 ரூபா தண்டம்தான்.

போன வாரம் அதே அண்ணன் முன்வீல் ரிம்மைக் கட்டைவிரலால தடவிட்டு, "பிரேக் கட்டை உரசி உரசிக் குழிஞ்சு போச்சு தம்பி, இத விட்டா ஒருநா பொளந்துக்கும்"னார். சேலம் கடையில அதே கம்பெனி முன்வீல் 900 தான். பின்வீல்தான் நல்லா ஓடுதே, இதையும் வாங்கலாமேன்னு நீங்க நினைக்கறீங்க. நானும் நினைச்சேன்.

1986ல எங்கப்பா சந்தையில பழைய ரிம் ஒண்ணு சல்லிசா வாங்கி முன்னாடி மாட்டினார். கம்பி ஓட்டையில மயிரிழை விரிசல் இருந்திருக்கு, யாரும் கவனிக்கல. ஏரிக்கரை இறக்கத்துல சக்கரம் மடங்கிடுச்சு. முன்பல்லு ரெண்டும் போச்சு, ரெண்டு கேன் பாலும் போச்சு. பல்லுக்கு அழல மனுசன், பாலுக்கு அழுதார்.

பின்வீல் போனா நின்னுடும், முன்வீல் போனா தூக்கி அடிச்சுடும். நாமக்கல் பக்கம் லாரிக்காரங்களைக் கேட்டுப்பாருங்க, ரீட்ரெட் டயரெல்லாம் பின்னாடிதான், முன்னாடி புதுசு போடுவாங்க.

நேத்து நல்ல முன்வீலா ஒண்ணு வாங்கிட்டேன். ரெண்டு அடுக்கு ரிம், சீல் போட்ட பேரிங், ஸ்டெயின்லெஸ் கம்பி. 2,600 ரூபா. வாங்கறதுக்கு முன்னாடி 32 கம்பியையும் சுண்டிப் பாத்தேன், எல்லாம் ஒரே சத்தம். வீட்ல மாட்டிக்கிட்டு இருக்கும்போது தங்கமணி வந்து எவ்வளவுன்னாங்க.

"தொள்ளாயிரம்"னேன். பாப்பா என்னைப் பாத்தா. பில்லு அவ கையில இருக்கு. அவ்வ்வ்வ்...