துண்டுக்கடியில் கிடக்கும் விலை

பேரம் என்பது விலையைக் குறைப்பதற்கான வாய்ச்சண்டை என்றே பொதுவாகக் கருதப்பட்டாலும், மாட்டுச் சந்தைகளின் மரபை உற்றுநோக்கினால், ஒரு பொருளின் மெய்நிலையை வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொள்ளும் வரை நீளும் விசாரணை என்று அதைச் சொல்வதே பொருந்தும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் பெருமாட்டிப் பகுதி உழவர்க்கு இது புதிய செய்தியன்று. எல்லைக்கு அப்பாலுள்ள பொள்ளாச்சிச் சந்தையில் தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்கடியில் கைகளை மறைத்துக்கொண்டு, விரல்களைப் பற்றியும் விட்டுமே விலையைக் கூட்டியும் குறைத்தும் பேசும் வழக்கம் உண்டு. சுற்றி நிற்பவர்க்கு அவ்விலை தெரியாது. ஆயினும் மாடு எல்லோர் கண்முன்னும் நிற்கும். பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கலாம், சுழி பார்க்கலாம், நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பார்க்கலாம். புதிய கார் விற்கும் ஷோரூமிலோ இந்த ஏற்பாடு தலைகீழாகிறது: விலை அட்டையில் அச்சிட்டு வைக்கப்பட்டிருக்க, அதன் உட்கூறுகளே துண்டுக்கடியில் கிடக்கின்றன.

அட்டையில் காணப்படுவது எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது உற்பத்தியாளர் விலையோடு விற்பனையாளரின் பங்கும் சரக்கு மற்றும் சேவை வரியும் சேர்ந்த தொகை. சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை ஏறிய பிறகு வருவது ஆன்ரோடு விலை. முன்னதில் அரசு வரி பேரத்துக்கு அடங்காது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசி திறனுக்கும் மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு 18 விழுக்காடாகக் குறைந்த வரியை எந்த விற்பனையாளரும் தம் தள்ளுபடியாகக் காட்டிக்கொள்ள இயலாது, சிலர் முயலக்கூடும் என்றாலும். எல்லையோர வாசகர்க்கு இவ்விடத்தில் ஒரு பழைய ஆசை எழுவது இயல்பு: பொள்ளாச்சியில் வாங்கித் தமிழ்நாட்டு எண்ணில் ஓட்டினால் என்ன? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்தில், வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அன்றியும் 2023-இல் இரு மாநிலங்களும் வரியை உயர்த்திய பின், ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான கார்களுக்கு இருபுறமும் 13 விழுக்காடே ஒருமுறை செலுத்தும் சாலை வரி என்பதால், மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியைக் கடப்பதில் ஆதாயம் ஏதுமில்லை. கடக்க வேண்டிய காரணம் வேறொன்று: பாலக்காட்டு விற்பனையாளர் எழுதிக்கொடுத்த விலைப்பட்டியலைப் பொள்ளாச்சியிலும், பொள்ளாச்சிப் பட்டியலைக் கோயம்புத்தூரிலும் காட்டலாம்.

பேரத்தின் வளமான நிலம் காப்பீடே. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு குறித்து 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையின் விளைவாக, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமாயிற்று; வண்டியால் பிறர்க்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது அது, அதன் கட்டணம் எங்கும் ஒன்றே. சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டின் கட்டணமோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை. வெளியே எடுத்துக்கொள்வதாகச் சொன்ன மாத்திரத்தில் அந்தத் தொகை இறங்கத் தொடங்குவதைக் காணலாம். கையாளுதல் கட்டணம் என்ற பெயரில் வரும் தொகையின் நிலையும் இதுவே. எந்த அரசுக் கட்டணத்திலும் சேராத அதை அடித்துவிடுமாறு கேட்பது வாங்குபவரின் உரிமை. கடனைப் பொறுத்தவரை, 7 விழுக்காடு ஃபிளாட் வட்டி என்பது, அடைத்த அசலுக்கும் கடைசி வரை வட்டி கணக்கிடும் முறையாதலால், ஐந்தாண்டுக் கடனில் குறையும் நிலுவை முறைப்படி ஏறத்தாழ 12.5 விழுக்காட்டுக்கு ஒப்பாகும். காரில் பெற்ற தள்ளுபடி கடனில் திரும்பிப் போகும் வாய்க்கால் இது.

மாட்டின் பல்லுக்கு நிகரானது காரின் அடையாள எண். 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அதன் பத்தாவது இடம் பொதுவாக ஆண்டைச் சுட்டும். ஆங்கில எழுத்து எஸ் 2025-ஐயும், டி 2026-ஐயும் குறிக்கும். டிசம்பரில் தள்ளுபடி பெருகுவது வள்ளன்மையால் அன்று. சனவரி பிறந்தால் கிடங்கிலுள்ள வண்டிக்கு ஒரு வயது கூடிவிடுகிறது. பெருமாட்டியில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. தமிழரின் ஆடியும் மலையாளிகளின் கர்க்கடகமும் ஒரே சூரிய மாதம். இரு மொழியினரும் புதுப்பொருள் வாங்கத் தயங்கும் அந்நாள்களில் ஷோரூம்கள் வெறிச்சோடிக் கிடக்க, மாத இலக்கை எட்ட வேண்டிய விற்பனையாளர் இறங்கிவருவார். சிங்க மாதம் பிறந்து ஓணக் கூட்டம் திரண்டபின் அதே மனிதரிடம் அந்த இளக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

இவையனைத்தும் பயன்படுவது எழுந்து போகத் துணிந்தவர்க்கே. பிளாச்சிமடையில் இயங்கிய கொக்கோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க 2003-இல் மறுத்த ஊராட்சி பெருமாட்டி; ஒரு காருக்காக நாற்காலியை விட்டு எழுவது அவ்வூர்க்காரர்க்கு அரிய செயலாக இராது. அவ்வாறு எழும் வலிமை முன்பதிவுப் பணம் கட்டியவுடன் பெரிதும் குன்றிவிடுகிறது. சந்தையில் அச்சாரம் என்பது விலை முடிந்தபின் கைமாறும் முன்பணம்; ஷோரூமில் விலை முடியும் முன்னரே அது கேட்கப்படுகிறது. ஆகவே பட்டியலின் ஒவ்வொரு வரியும், தள்ளுபடியும், வண்டியின் அடையாள எண்ணும், வண்டி கைக்கு வரும் நாளும் எழுத்தில் வரும்வரை சட்டைப் பையிலுள்ள பணம் அங்கேயே இருப்பது நல்லது.