ஷ்னைடர் அம்மாவின் கணக்கு

கேபரே என்றதும் நம் தலைமுறைக்கு ஞாபகம் வருவது ஹெலனும் ஜோதிலட்சுமியும்தான். அதனால் போன சனிக்கிழமை ராத்திரி அந்தப் பெயரில் ஒரு நாடகத்தின் வீடியோவைப் போட்டதும் தங்கமணி ஒரு மாதிரி பார்த்ததில் தப்பே இல்லை :-) பத்து நிமிஷத்தில் அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

'கேபரே' 1966ல் நியூயார்க் பிராட்வேயில் முதன்முதலாக மேடையேறிய இசை நாடகம். இசை ஜான் காண்டர், பாடல்கள் ஃப்ரெட் எப். கிறிஸ்டோபர் இஷர்வுட் தன் பெர்லின் வாழ்க்கையை வைத்து 1939ல் வெளியிட்ட புத்தகம்தான் மூலம். நான் பார்த்தது, 1993ல் லண்டன் டான்மார் வேர்ஹவுஸ் அரங்கில் சாம் மெண்டிஸ் இதைப் புதிதாக மேடையேற்றியபோது எடுத்த பதிவு. அரங்கத்தையே நைட் கிளப் ஆக்கி, பார்க்க வந்தவர்களை மேஜை போட்டு உட்கார வைத்துவிட்டார். அந்த வடிவம் 1998ல் நியூயார்க் போய், 2004 வரை 2,377 காட்சிகள் ஓடியது.

கதை 1930ஐ ஒட்டிய பெர்லினில் நடக்கிறது. கிட் கேட் கிளப்பில் ஆட்டமும் பாட்டுமாக அமர்க்களப்படுகிறது. வெளியே நாஜிகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். நாவல் எழுத வந்த கிளிஃப் என்ற அமெரிக்க இளைஞன், கிளப் பாடகி சாலி பௌல்ஸிடம் மனசைப் பறிகொடுக்கிறான்.

எல்லாரும் சாலியைப் பற்றித்தான் பேசுவார்கள். பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிற என் கண் போனது வேறு இரண்டு இடத்துக்கு.

ஒன்று, ஒரு பெட்டி. எர்ன்ஸ்ட் என்ற சிநேகிதன் கேட்டுக்கொண்டதற்காகக் கிளிஃப் பாரிஸிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து தருகிறான். கூலியும் கிடைக்கிறது. உள்ளே என்ன, யாருக்கு என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. அது நாஜிக் கட்சிக்குப் போகிற பணம். கேஒய்சி, கேஒய்சி என்று நாங்கள் ஏன் உயிரை வாங்குகிறோம் என்று திட்டுகிற வாடிக்கையாளர்கள் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஷ்னைடர் அம்மா. அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர். கிளிஃபிடம் நூறு மார்க் வாடகை கேட்டு, அவனிடம் ஐம்பதுதான் இருக்கிறது என்றதும் அதற்கே சம்மதிக்கிற மனுஷி. இப்படி ஒரு வீட்டுக்காரம்மா நமக்குக் கிடைத்ததுண்டா? அங்கே குடியிருக்கிற பழக்கடை ஷுல்ட்ஸுக்கும் அவருக்கும் அந்த வயதில் ஒரு பிரியம். அவர் அன்னாசிப்பழம் பரிசு கொடுக்கிறார், இவர் வெட்கப்படுகிறார். நிச்சயதார்த்தமும் நடக்கிறது. ஆனால் ஷுல்ட்ஸ் யூதர். விருந்துக்கு வந்த எர்ன்ஸ்ட் கோட்டைக் கழற்றினால் கையில் ஸ்வஸ்திக் பட்டை. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று மரியாதையாகவே சொல்கிறான். அப்புறம் பழக்கடைக் கண்ணாடியில் ஒரு செங்கல் வந்து விழுகிறது.

ஷ்னைடர் அம்மா கணக்குப் போடுகிறார். தனி ஆள், வயதாகிவிட்டது, வாடகைக்கு விடுகிற லைசென்ஸ் போனால் சோறு கிடையாது. கல்யாணத்தை நிறுத்திவிடுகிறார். உன்னால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று நம்மையும் ஒரு பாட்டில் கேட்கிறார். 1966ல் இந்தப் பாத்திரத்தில் நடித்த லோட்டே லென்யா, நிஜமாகவே 1933ல் ஜெர்மனியை விட்டுப் போனவர். 1972ல் வெளிவந்து எட்டு ஆஸ்கர் வாங்கிய படத்தில் இந்த முதியவர்களின் காதல் கிடையாது. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி போய்ச் சேர்ந்திருக்காது.

நாஜிகளுக்கு 1928 தேர்தலில் 2.6 சதவீத ஓட்டு. 1930ல் 18.3. 1932 ஜூலையில் 37.3. வங்கிகள் கவிழ்ந்ததும் வேலையில்லாதவர்கள் அறுபது லட்சத்தைத் தொட்டதும் பெரிய காரணங்கள்தான். அதோடு ஷ்னைடர் அம்மா மாதிரி யாரையும் வெறுக்காமல், தன் வரவு செலவை மட்டும் பார்த்து ஒதுங்கிக்கொண்டவர்களும் கணக்கில் வரவேண்டும். அவர் போட்ட கூட்டலில் பிழையே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மெண்டிஸின் நாடகம் முடியும்போது, அதுவரை நம்மைச் சிரிக்க வைத்தவன் கோட்டைக் கழற்றுகிறான். உள்ளே வதைமுகாம் கைதியின் கோடு போட்ட உடுப்பு.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் நான்காவது மாடி ஃப்ளாட்டை எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பையனுக்கு வாடகைக்கு விட ஓனர் தயார். கமிட்டியில் சிலர் முணுமுணுக்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல சார், நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா யார் பதில் சொல்றது?" என்கிறார்கள். லிஃப்டில் இதைக் கேட்டபோது பெர்லினிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது.

ஊர் ஊராக மாற்றலாகி, "எந்த ஊர், என்ன ஆளுங்க, வீட்ல என்ன சமைப்பீங்க" என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித்தான் நாமும் ஒவ்வொரு சாவியையும் வாங்கியிருக்கிறோம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். "நீங்க பேசுங்க, நானும் வர்றேன்" என்றார் தங்கமணி. பேசப் போகிறேன்.