இரு மருந்துகள் ஒன்று சேரும்போது

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆந் திகதி, ஜேர்மனியின் பேயர் நிறுவனம் செரிவஸ்டட்டின் என்னும் கொலஸ்ட்ரோல் மருந்தை அமெரிக்கச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. அப்போது செய்தி மேசையில் இருந்த எமக்கு அது ஒரு வெளிநாட்டு வர்த்தகச் செய்தியாகவே வந்து சேர்ந்தது. அதனுள் இருந்த மரணக் கணக்குத்தான் என் மனதில் நின்றது. அமெரிக்காவில் மட்டும் அதுவரை 31 மரணங்கள் பதிவாகியிருந்தன. அவர்களுள் 12 பேர் ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்புக் குறைப்பு மருந்தையும் சேர்த்து உட்கொண்டவர்கள்.

இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கை அம்மருந்தின் குறிப்பேட்டில் 1999இலேயே சேர்க்கப்பட்டிருந்தது. அச்சில் இருந்த அந்த எச்சரிக்கை நோயாளியின் கைக்குப் போய்ச் சேரவில்லை. பத்திரிகைக்காரனான என்னை இன்றும் உறுத்துவது அதுவே.

நடந்தது இதுதான். ஸ்டட்டின் வகை மருந்துகள் ஈரலில் கொலஸ்ட்ரோல் உருவாவதைக் குறைக்கின்றன. அவற்றை உடல் சிதைத்து வெளியேற்றும் வழியை ஜெம்ஃபைப்ரோசில் தடுக்கிறது. இதனால் இரத்தத்தில் ஸ்டட்டினின் அளவு ஏறுகிறது, தசைகள் சிதைகின்றன, அச்சிதைவுகள் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன.

ஆயினும் மருந்துகளைச் சேர்ப்பதே தவறு என்று கொள்ளலாகாது. எஸெடிமைப் என்னும் மருந்து குடலில் கொலஸ்ட்ரோல் உறிஞ்சப்படுவதைத் தடுப்பது. மாரடைப்பு போன்ற கடும் இதய நோய்க்குள்ளான 18,000க்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், சிம்வஸ்டட்டினுடன் அதனைச் சேர்த்தபோது சிறிதளவேனும் மேலதிக நன்மை கிடைத்தது; தசைப் பாதிப்பு கூடவில்லை. ஸ்டட்டினுடன் ஃபைப்ரேட் வகை மருந்தொன்று அவசியமானால், வைத்தியர்கள் ஜெம்ஃபைப்ரோசிலைத் தவிர்த்து ஃபெனோஃபைப்ரேட்டையே விரும்புகின்றனர்.

எமது ஊர்களில் ஆபத்து வேறு வழியாகவும் வருகிறது. அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் ஒரு மருந்து. தனியாரிடம் சனல் செய்து பார்த்த நிபுணரிடம் இன்னொன்று. நண்பர் ஒருவரின் மருந்துப் பையில் அட்டோவஸ்டட்டினும் ரோசுவஸ்டட்டினும் ஒன்றாக இருந்ததை நானே கண்டேன். பெயர்கள் வேறாயினும் இரண்டும் ஓரினமே. "அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை" என்றார் நண்பர். அன்றே அவரைக் கிளினிக் கொப்பியுடன் வைத்தியரிடம் அனுப்பினோம், ஒன்று நிறுத்தப்பட்டது.

புலம்பெயர்ந்த நாடுகளில் கடைகளில் விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையையும் கவனிக்க வேண்டும். இயற்கையானது என்று வாங்கப்படும் அதில் இருப்பதும் லோவஸ்டட்டினை ஒத்த அதே பொருளே. தொண்டை, நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கப்படும் கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் சிம்வஸ்டட்டினுடன் சேரக்கூடாதவை.

இத்தகைய கடும் பாதிப்பு அரிதானது. அதற்கஞ்சி, இதய நோயாளர் தாமாகவே மாத்திரையை நிறுத்துவது அதனிலும் ஆபத்தானது. ஆனால் காரணமின்றித் தசைகள் நொந்தாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர் கடுந்தேநீரின் நிறத்தில் போனாலோ தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். உட்கொள்ளும் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். எந்த வைத்தியரைச் சந்தித்தாலும், அவர் கேட்கும்வரை காத்திராமல் முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள்.